மச்சினன் பூனை பிடித்த எலி

அந்த டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றவர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ஹாரன் என்பார்கள். வண்டியில் இருந்த ஹாரனுக்கு அவர் வேலையே வைக்கவில்லை. இடப்பக்க இருக்கையில், தனக்கென்று பொருத்திய பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு அவர் போடும் சத்தத்தில் எதிரே வரும் லாரி தானாக ஒதுங்கும்.

"ஸ்டியரிங்கைப் பிடிங்கன்னுதான் சொன்னேன். கழுத்தை நெரிக்கச் சொல்லலை!"

"கண்ணாடி எதுக்கு இருக்கு? பொட்டு ஒட்டி வைக்கவா?"

அவர் கணக்கில் மனிதர்கள் இரண்டே வகை. கிளட்சைச் சட்டென்று விட்டுவிடுகிறவர்கள், விடவே தெரியாதவர்கள். இந்த இரண்டிலும் சேராத ஒரே ஆள் அவர்தான். ஆனால் அவருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. வேலைக்குப் பஸ்ஸில்தான் போவார். டிரைவருக்கு நேர் பின்னால் இடம் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் 'ச்சு' கொட்டிக்கொண்டே வருவார். ஒரு டிரைவர் பொறுமை இழந்து வண்டியை ஓரம் கட்டி, "நீங்க வந்து ஓட்டுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு மட்டும் இவர் ஜன்னல் வழியாக வானிலை பார்த்தார்.

வீட்டில் அவர் ஏளனத்துக்கு நிரந்தர இலக்கு ஒன்று இருந்தது. மனைவியின் தம்பி. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா வீட்டில், "வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று ஒரு பையோடும் ஒரு சாம்பல் நிறப் பூனையோடும் வந்து இறங்கியவன். பை காலியாகி அலமாரிக்குப் போனது. பூனை சோபாவுக்குப் போனது. வேலை மட்டும் வரவில்லை. பூனைக்கு அவன் வைத்திருந்த பெயர் மகாராணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகாராணி பின்பக்கத்துப் புதரிலிருந்து ஒரு சுண்டெலியைக் கவ்விக்கொண்டு வந்து, மச்சினனின் காலடியில் போட்டாள். பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. வீட்டு எலி மாதிரி இல்லை. பக்கவாட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. ஒரு பின்னங்கால் இழுத்துக்கொண்டு கிடந்தது. மச்சினன் போனை எடுத்து வீடியோ பிடித்தான்.

"மாமா, ஓடி வாங்க! எங்க மகாராணி எப்பேர்ப்பட்ட வேட்டைக்காரி பாருங்க!"

"ஆமாம் ஆமாம். உன் குடும்பத்துல சம்பாதிச்சுப் போடுற ஒரே ஜீவன்," என்றார் ஹாரன்.

"அக்காவும்தான் சம்பாதிக்குது," என்று பல்லைக் காட்டினான் அவன்.

வேறொரு நாளாக இருந்தால் அவர் முறத்தில் அள்ளி வெளியே வீசியிருப்பார். அன்று அந்தப் பல்வரிசையைப் பார்த்தார். நாக்கால் முகம் துடைத்துக்கொண்டிருந்த பூனையைப் பார்த்தார். தரையில் கிடந்த எலியின் வயிறு படபடவென்று ஏறி இறங்குவதைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைப் பொத்தித் தூக்கினார்.

"என்ன மாமா, பாதி செத்தாச்சு அது."

"சாகாது. உன் பூனை சாப்பாட்டைக் கண்டா பாயுற ஜாதி, உன்னை மாதிரியே. அது பிடிச்சதை நான் பிழைக்க வைக்கிறேனா இல்லையா பார்."

ஆகவே இதைக் கருணை என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எலியை உயிரோடு வைத்திருந்தது முழுக்க முழுக்க வீம்பு.

மச்சினனின் புது ஷூக்களைக் கட்டிலில் கொட்டிவிட்டு, அவை வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய பனியனைக் கிழித்துப் பரப்பி, எலியை வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். மருத்துவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வழக்கமா இதைச் சாகடிக்கத்தான் மருந்து கேட்பாங்க."

"வழக்கமா கேட்கிறவங்களுக்கு மூளை கிடையாது. நீங்க மருந்தைக் கொடுங்க."

பூனையின் பல்லில் விஷக்கிருமி இருக்கும், அதனால் மருந்து காலையும் மாலையும் தவறக் கூடாது, தண்ணீரில் ஊறிய தானியம் கொடுக்கலாம், வெதுவெதுப்பு வேண்டும், இருட்டு வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். கடைசியாக, "சத்தம் ஆகவே ஆகாது. எலிக்குப் பயத்துலயே உயிர் போயிடும்" என்றார்.

ஹாரன் அதைத் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தான் சத்தமாகப் பேசுகிறவர் என்று அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்ல இடைவெளி கிடைத்தால்தானே.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "ஊசி இல்லாத சின்ன சிரிஞ்ச் ஒண்ணு கடையிலிருந்து கொண்டு வா!" என்று கத்தினார். பெட்டிக்குள் ஒரு துள்ளல் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தபோது எலி விறைத்துக் கிடந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து நின்றார். வெகுநேரம் கழித்து மீசை ஒன்று அசைந்தது.

அதற்குப் பிறகு அவர் குரல் கீழே இறங்கியது. மனைவி பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"எலி," என்று கிசுகிசுத்தார்.

"நான் காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு டம்ளர் வெந்நீர் வெச்சுக் கொடுக்கத் தெரியலை உங்களுக்கு. இப்ப எலிக்குப் பாட்டில்ல வெந்நீர் ரொப்பித் துணி சுத்தி வைக்கிறீங்க. நல்லா இருங்க." சொல்லிவிட்டு, சிரிஞ்ச் கொண்டுவரத்தான் செய்தாள்.

மருந்துத் துளியை நீட்டியதும் எலி இரண்டு முன்னங்கால்களாலும் சிரிஞ்சின் நுனியைப் பிடித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதன்முறையாக, பிடித்திருக்கும் முறையில் ஒரு குற்றமும் அவரால் சொல்ல முடியவில்லை. எலி குடித்து முடிக்கும்வரை கை மரத்துப்போக அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சிக்கல் வந்தது. மகாராணியும் அவள் எசமானனும் இருக்கிற வீட்டில் பெட்டியை விட்டுப் போக மனமில்லை. பயிற்சிக் காரின் பின் இருக்கையில் பெட்டியை வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டார். தெரு இரைச்சல் ஆகாதென்று கண்ணாடிகளை ஏற்றினார். ஏற்றியதால் ஏசி போட்டார். எத்தனையோ வருஷமாக வேர்த்து விறுவிறுத்து அந்த வண்டியில் கற்றவர்கள், அதில் ஏசி என்று ஒன்று இருப்பதையே அறியாமல் லைசென்ஸ் வாங்கிப் போயிருந்தார்கள்.

ஏளனம் நின்றதா என்றால், இல்லை. சத்தம்தான் நின்றது. காதோரம் குனிந்து, ரகசியம் சொல்வது போல, "உங்களை நம்பி ரோட்டுல நாய் கூட நடக்க முடியாது" என்பார். கத்தலைவிட இது மோசமாக இருந்தது.

அந்த வாரம் அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பல் டாக்டரம்மா உண்டு. நாள் முழுக்க வாய் திறந்தபடி கிடப்பவர்களைப் பார்த்துப் பழகியவர். வாய்க்கெல்லாம் அசருகிறவர் இல்லை. இரண்டு நாள் கிசுகிசுப்பைக் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"சார், ஒண்ணு கேட்கலாமா? இவ்வளவு நாள் நீங்க கத்தினப்ப, நடுவுல ஏதோ சொல்லித் தர்றீங்க, எனக்குத்தான் பிடிபடலைன்னு நெனச்சேன். இப்ப ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்குது. நீங்க எதையுமே சொல்லித் தரலையே?"

ஹாரன் வாயைத் திறந்தார். பின்னால் பெட்டிக்குள் எலி லேசாகச் சுரண்டியது. மூடிக்கொண்டார்.

"அரை கிளட்ச்னா என்னன்னு முதல்ல சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா.

அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் தடுமாறினார். திட்டியதில் இருந்த சரளம் விளக்கியதில் இல்லை. காலை எப்படி வைப்பது என்று தன் பக்கத்துப் பிரேக்கையே கிளட்சாகப் பாவித்து மிதித்துக் காட்டினார். அது தப்பாக வந்து இன்னொரு தடவை காட்டினார்.

வாரக் கடைசியில் எலிக்குக் கால் நேராகிவிட்டது. அது யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. டாக்டரம்மா மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, பெட்டியின் மூலையைக் கடித்துக் குதறிக்கொண்டு வெளியே வந்த எலி, இருக்கைகளுக்கு நடுவே புகுந்து, கியர் மேல் ஏறி, டாஷ்போர்டில் ஒரு ஓட்டம் ஓடி, ஹாரனின் கால்சட்டைப் பக்கம் குதித்தது. சிரிஞ்ச் பிடித்து வளர்த்த அந்த வீரர் "ஐயோ!" என்று அலறி, இரண்டு கால்களையும் இருக்கை மேல் தூக்கி வைத்து, கைப்பிடியில் தொங்கினார். அவருடைய தனி பிரேக் கேட்பாரற்றுக் கிடந்தது.

டாக்டரம்மா ஒரு குலுக்கல் இல்லாமல் பாலத்தைக் கடந்து, இறங்கி, இடது ஓரத்தில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்தார்.

"காலைக் கீழே வைங்க சார். அது கால்மிதிக்கு அடியில போயிடுச்சு."

ஆளில்லாத நேரத்தில் பயிற்சி மைதானத்துக்கு வண்டியை விட்டார்கள். அதன் ஒரு கோடியில் முள்செடியும் கோரையுமாக மண்டிக் கிடக்கும். ஹாரன் கால்மிதியைத் தூக்கி, எலியை மறுபடியும் பெட்டிக்குள் விரட்டி, செடிகளின் ஓரம் வைத்து மூடியைத் திறந்தார். எலி நகரவில்லை. மூக்கை மட்டும் தூக்கிக் காற்றை மோந்தது.

"போயேன்," என்றார் மெதுவாக. "மருந்து கொடுத்தாச்சு, சோறு போட்டாச்சு. இன்னும் என்ன? போ."

ஒரு கணம் அவர் கை பெட்டியை நோக்கி நீண்டது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, எலி ஒரே தாவலில் கோரைக்குள் மறைந்தது. அவர் குந்தியபடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவசரப்படுத்தாமல் வண்டியை ரிவர்ஸில் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "விட்டீங்களே, எப்படிப் போச்சு?"

"ஒரு இண்டிகேட்டர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. படக்குனு திரும்பிப் போயிடுச்சு." சொல்லிவிட்டு, சிரிஞ்சைக் கழுவி அலமாரியில் வைத்தார்.

சோபாவிலிருந்து மச்சினன் சிரித்தான். "இவ்வளவு பண்ணுனீங்களே மாமா, ஒரு நன்றியாவது சொல்லுச்சா?"

"இந்த வீட்டுல உட்கார்ந்து தின்னவங்க யாரும் சொன்னதில்லடா. அந்த எலியாவது கிளம்பிப் போச்சு."

மச்சினன் கோபித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான். ஆனாலும் சாப்பிட வந்தான். மகாராணியும் வந்தாள்.

பல் டாக்டரம்மா முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை காரில் ஏசி நின்றது, கண்ணாடிகள் இறங்கின, ஹாரன் பழையபடி முழங்கத் தொடங்கினார். ஒரே ஒரு வித்தியாசம். இப்போது வசவுகளுக்கு நடுவே அரை கிளட்ச், காலை வைக்கும் இடம், கண்ணாடியை எப்போது பார்ப்பது என்று உண்மையிலேயே சிலவற்றைச் சொல்லித் தருகிறார். அந்த இரைச்சலில் அது யார் காதிலும் விழுவதில்லை.