முருங்கைக்காய் மலையைக் கடந்த வெள்ளிக்கிழமை

வியாழன் மாலை ஏழு மணிக்கு பாரிசில் எங்கள் கடைத்தெருவான லாச்சப்பலில் இருந்து வெளிக்கிட்டோம். சிவா அண்ணையின் குளிரூட்டிய வானில் நாற்பது பெட்டி முருங்கைக்காய். கொழும்பிலிருந்து விமானத்தில் பாரிசுக்கு வந்தது, இனி அல்ப்ஸ் மலைக்குள்ளால் இத்தாலியின் தொரினோவுக்குப் போகவேண்டும். எண்ணூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. மலைக்குள்ளால் சாமான் எப்படிப் போகிறது என்று பார்த்து எழுதத்தான் நானும் ஏறினேன். பனியைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அண்ணைக்கு இது முதல் ஓட்டம். இதை நம்பி உணவக வேலையை விட்டிருந்தார். தொரினோவில் கடை வைத்திருக்கும் ராணி அக்கா, "வெள்ளி எட்டரைக்கு முன்னம் வந்தால் கிழமைக்குக் கிழமை எடுப்பன்" என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை எங்கள் சனம் மரக்கறிதான் சமைக்கும், அதையும் காலையிலேயே வாங்கிவிடும்.

மலையடியில், பிரான்சின் கடைசி ஊரான மோதானில் வானுக்குள்ளேயே தூங்கினோம். காலை ஆறேகாலுக்குச் சுரங்க வாசல். லொறிகளை ஒரு வளைவின் கீழ் விட்டு, எங்காவது அளவுக்கு மீறிச் சூடாக இருக்கிறதா என்று இயந்திரத்தால் பார்க்கிறார்கள். முன்பு உள்ளே தீப்பிடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். நான் அதை வாய் பார்த்துக்கொண்டு நிற்க, அண்ணை சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வானுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டார்.

"அண்ணை, நேற்றும் கொளுத்தினீங்கள்தானே?"

"அது பாரிசுக்கு. இது மலைக்கு."

காவலாளி தீயணைப்பானோடு ஓடிவந்தான். "கடவுளுக்கு, மிசியூ" என்று அண்ணை பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தார்.

"இஞ்சை நெருப்புக்குப் பொறுப்பு நான்தான் எண்டு உன்ரை கடவுளிட்டைச் சொல்லு" என்றான் அவனும் பிரெஞ்சில். நாற்பது பெட்டியையும் இறக்கிப் பார்த்தான். ஒரு மணி நேரம் போனது.

சுரங்கம் ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீற்றர். பாதியில் பிரான்ஸ் முடிந்து இத்தாலி தொடங்குகிறது. ஒருவரும் மறிக்கவில்லை. எங்கள் ஊரில் மலையே இல்லை, தட்டை நிலம். சண்டைக் காலத்தில் அதில் இருந்த ஒரே வழியைப் பூட்டி வெங்காய லொறிகளை நாட்கணக்கில் மறித்து வைத்தார்கள். இங்கே மலையைக் குடைந்து வழி விட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்தது, கற்பூரத்தால் ஒரு மணி நேரத்தைத் தொலைத்த அண்ணையிலும்தான்.

தொரினோவில் இறங்கும்போது எட்டு ஐம்பது. ராணி அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். "ஏன் பிந்தினது?"

றோட்டில் நெரிசல் என்று அண்ணை சொல்லியிருக்கலாம். "கற்பூரம் கொளுத்தினனான், அக்கா."

அக்கா சிரிக்கவில்லை. "மிலானோவிலயிருந்து வேற ஆளின்ரை வான் முருங்கைக்காயோட வந்திட்டுது. பத்துப் பெட்டி இறக்குங்கோ."

"அடுத்த வெள்ளி?"

"நேரத்துக்கு வாங்கோ, பாப்பம்."

அதே சுரங்கத்தால் திரும்பினோம். பிரான்ஸ் பக்கம் வந்த பிறகு, "வாற வியாழன் ஐஞ்சு மணிக்கே வெளிக்கிடுவம், கற்பூரத்துக்கும் நேரம் வேணும்" என்றார் அண்ணை.

"நான் வரேல்லை" என்றேன். பின்னால் முப்பது பெட்டி இருந்தது. போனை எடுத்து, பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ரானில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் முருங்கைக்காய் வேணுமோ என்று கேட்கத் தொடங்கினேன்.