துணி மேடத்தின் மேற்குச் சுவர்

வாயில் நாலு ஊக்கைக் கடித்துக்கொண்டு சுவர் வரப்போகும் இடத்தில் நட்ட மூங்கில் கம்பத்தில் துணியை இழுத்துக் கட்டுகிறாள் துணி மேடம். இப்போது என்ன கேட்டாலும் பதில் வராது, ஊக்கு விழுந்துவிடும். கட்டி முடித்ததும் பின்னால் போய், இன்னும் கட்டாத கட்டடத்தின் நிழல் தரையில் எங்கே விழுகிறது என்று பார்ப்பாள். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பொழுது சாயும்வரை இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

படித்தது கட்டடக்கலை. வாசகசாலை, சமூகக்கூடம், குழந்தைகள் காப்பகம் என்று நாலு பேர் வந்து போகிற கட்டடங்களை மட்டும்தான் வரைவாள். வீடு வரைந்து தரச் சொல்லி மாமனாரே கேட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. அவள் வீட்டிலோ வெயில் நகர நகர நாற்காலிகளும் நகரும். கணவர் வேலை விட்டு வந்து பழைய இடத்தில் உட்காரப் போய் இரண்டு தடவை தரையில் விழுந்திருக்கிறார், பாவம்.

"நிழல் புடிக்கலைன்னா துணிய அவுத்துடலாம். சுவர அவுக்க முடியுமா?" மேடத்திடம் இதைக் கேட்டுக் கேட்டு மேஸ்திரிக்குக் காது புளித்துவிட்டது. பட்டப்பெயர் வைத்தவரும் அவர்தான். "மத்தவங்க கல்லு கேப்பாங்க, கம்பி கேப்பாங்க. இந்தம்மா துணி கேக்குது" என்பார்.

இப்போது அவள் உட்கார்ந்திருப்பது பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய காலி மனையில். குழந்தைகள் காப்பகம் வரப்போகிறது. வேலைக்குப் போகிற தாய்மார்கள் இரண்டு வருடம் அலைந்து வாங்கிய அனுமதி. திங்கட்கிழமைக்குள் வரைபடம் போய்ச் சேராவிட்டால் மனை வேறு காரியத்துக்குப் போய்விடும். சிக்கல் மேற்கு வெயில்தான். சின்னஞ்சிறுசுகள் தூங்கப்போகிற அறைக்குள் நாலு மணிக்கு நேராக இறங்கும். மேற்கு எல்லையில் பன்னிரண்டடிச் சுவர் எழுப்பினால் தீர்ந்தது. சுவருக்கும் அறைக்கும் நடுவில் பேருந்துக்கு நிற்பவர்களுக்கும் இடம் விட்டிருந்தாள்.

அதே கோட்டில் முன்பு ஒரு கிடங்கின் சுவர் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், நிழலுக்கு ஒதுங்கி நின்றவர்கள்மேல் சரிந்தது. ஐந்து பேர் போனார்கள். அதில் ஒருவர் எதிர்வரிசைத் தையற்கடை அக்காவின் கணவர். மேடத்தின் துணிகளையெல்லாம் மூட்டித் தைத்துக் கொடுப்பவள் அந்த அக்காதான்.

வந்த முதல் நாளே மேடம் ஒன்றைக் கவனித்தாள். நாலு மணிப் பேருந்துக்கு வருகிறவர்கள் பக்கத்து மரத்தடிக்குப் போவதில்லை. மண்டை பிளக்கும் வெயிலில், வெட்டவெளியில் வரிசையாக நிற்கிறார்கள். கிடங்கின் பழைய புகைப்படத்தை வைத்து அளந்து பார்த்தாள். கிடங்குச் சுவரின் நிழல் விழுந்த இடம் அது. இல்லாத நிழலில் ஒதுங்கி நிற்கிறார்கள். போன மாதம் குடிவந்த வாத்தியார்கூட அங்கேதான் நின்றார். ஏன் என்று கேட்டாள். "இங்க கொஞ்சம் குளுகுளுன்னு இருக்குல்ல?" என்றார். அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டடி உயரத்துக்குத் துணி ஏறியது. நாலு மணிக்கு உண்மையான நிழல் வந்து அந்த வரிசையின்மேல் படிந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் நடந்து, நிழலைத் தாண்டிப் போய் வெயிலில் நின்றுகொண்டார்கள்.

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அக்கா வந்தாள்.

"எதுக்குன்னு கேக்காமயே தைச்சுக் குடுத்துட்டேன். இந்த எடத்துல சுவரு மட்டும் வேணாம், மேடம்."

"பிள்ளைங்க வெயில்ல வேகும்க்கா. திங்கக்கிழமைக்குள்ள வேற வழி தெரியல எனக்கு."

"அப்ப முதல்ல நீங்க அதுங்கீழ நில்லுங்க."

மேடம் போய் நின்றாள். முதுகுக்குப் பின்னால் இருப்பது அவள் கையாலேயே கட்டிய வெறும் காடாத்துணி. தெரிந்தும் பிடரி சில்லிட்டது. காதருகே செங்கல் தூள் பொலபொலவென்று உதிரும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பார்த்தால் வெயிலில் நிற்கிறாள். எப்போது கால் எடுத்து வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பயந்துதான் போனாள், சொல்வதற்கு என்ன வெட்கம்.

"மேஸ்திரி, அத அவுத்துடுங்க," என்றாள். "துணிய நிக்க வைக்க வேணாம், படுக்க வைப்போம். சுவரு இல்லாம, ரூமை ஒட்டித் தாழ்வா, அகலமா ஒரு கூரை. அதுலயும் வெயில் மறையும்."

துணியின் ஒரு துண்டை விரித்து ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். மேடம் ஒன்று, அக்கா ஒன்று, மேஸ்திரி ஒன்று. மெல்ல நகர்த்தி வரிசையின் தலைக்குமேல் கொண்டுவந்தார்கள். இந்த முறை ஒருவரும் விலகவில்லை. ஒரு பெண் இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து நின்றாள்.

நாலாவது முனைக்கு ஆள் கூப்பிட மேடம் திரும்பினாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. காற்றும் இல்லை. ஆனால் அந்த மூலை தொங்கவில்லை. மற்ற மூன்றைவிட ஒரு சாண் மேலே, விறைப்பாக நின்றது. மேஸ்திரி தன் முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அக்கா அந்த மூலையையே பார்த்தாள்.

"அவரு கொஞ்சம் உசரம், மேடம்," என்றாள்.

துணி மேடம் குதிகாலைத் தூக்கி, தன் முனையையும் அந்த உயரத்துக்கு ஏந்திப் பிடித்தாள்.