மூன்றில் ஒன்று குறைந்த கொடி

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று கண்டியைச் சுற்றி எந்த மேட்டில் தண்ணீர் ஏறாவிட்டாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பதித்த குழாயில் காதை வைத்துக் கேட்டே அடைப்பைச் சொல்லியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனை ஒரு முழக் கொடி நான்கு மாதம் ஆட்டிவைத்தது.

மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தவள் சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"தொப்புள்கொடியில மூணு குழாய் இருக்கணுமாம்ப்பா. இந்தப் பிள்ளைக்கு ரெண்டுதானாம். கிட்னியையும் இதயத்தையும் கவனிக்கணும்னு சொல்றாங்க."

குழாய் என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நம்ம தொழிலாயிற்றே. மூன்று என்றால் இரண்டு வரத்து, ஒன்று போக்கு. வரத்தில் ஒன்று குறைந்திருக்கிறது, பிள்ளை பட்டினி கிடக்கிறது என்று முடிவுகட்டினேன். அன்றிலிருந்து முட்டையும் பாலும் இறைச்சியுமாக வாங்கிக் குவித்தேன்.

"தொட்டி நிறைஞ்சாத்தான் ஒத்தக் குழாயிலயும் வேகமா இறங்கும். சாப்பிடும்மா."

"நான் என்ன தொட்டியாப்பா?" என்று அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். யாழ்ப்பாணத்து லேடி டொக்டர். என் வைத்தியத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, நீங்கள் மாறி விளங்கிப்போட்டீங்கள். பிள்ளைக்குள்ள போறது ஒரு குழாய்தான். நல்ல ரத்தம், சத்து எல்லாம் அதிலதான் போகும். கழிவைத் தாய்ப் பக்கம் திருப்பிக் கொண்டு வாறதுக்குத்தான் மற்ற ரெண்டும். அதில ஒண்டு இல்லை. இருக்கிறது பருத்து ரெண்டு பேற்ற வேலையையும் செய்யுது."

"அப்ப பட்டினி இல்லையா?"

"பிள்ளை அளவாத்தான் வளருது. தாய்தான் நாலு கிலோ கூடிப்போனா."

மகள் என்னை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் பல்லைப் பார்த்தேன்.

நானும் விடவில்லை. பிள்ளை உள்ளே குட்டிக்கரணம் போடுகிறதே, குழாய் ஏன் மடங்கி அடைபடுவதில்லை என்று கேட்டேன். டொக்டர் படம் கீறிக் காட்டினார். கயிறு முறுக்கியது போலக் குழாய்கள், சுற்றிலும் கெட்டியான வழுவழுப்புப் பசை. அமுக்கினாலும் நசுங்காதாம். வளைவு வரும் இடங்களில் நான் சாக்கைச் சுற்றுவதும் இதற்குத்தான்.

"இதைப் போட்டவனும் மலையில வேலை பழகினவன்தான் டொக்டர்" என்றேன்.

இதயம் நன்றாக இருந்தது. கிட்னியை மட்டும் பிறந்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும், சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்றும் கவனிக்க வேண்டும் என்றார்கள்.

பிள்ளை விடியற்காலையில் பிறந்ததாக மனைவி ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து போனில் சொன்னாள்.

"ஒண்ணுக்குப் போயிருச்சா?" என்றேன்.

"ஆணா பொண்ணான்னு கேக்காத மனுசன் உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான். பொண்ணு. இன்னும் போகல."

பகல் பார்வையாளர் நேரத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மகள் முகத்தில் இரத்தமே இல்லை. "இன்னும் போகலப்பா" என்று பிள்ளையை என் கையில் தந்தாள். நெஞ்சோடு அணைத்த சற்று நேரத்தில் துணியைத் தாண்டிச் சூடாக நனைந்தது. எத்தனையோ ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் நான். ஓர் இடத்திலும் முதல் தண்ணீரை இப்படி நெஞ்சில் வாங்கியதில்லை.

"மிஸ், வந்திருச்சு" என்று தாதியிடம் ஓடிச் சட்டையைக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். மறுநாள் ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சரியாகவே இருந்தன.

"சட்டையக் கழட்டுங்க, நாறுது" என்று அன்று வாட்டிலேயே சொன்னாள் மனைவி. கழற்றவில்லை. வீடு போய்ச் சேருமுன் பஸ்ஸில் மூன்று பேருக்குக் காட்டிவிட்டேன்.