படத்திலிருந்த தவளை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததும் பாதி மறந்துபோய்விட்டது. முன்னுக்குப் பின் இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு ஓடையும், அதை ஒட்டிக் கொஞ்சம் காடும் இருந்தது. அந்தக் காட்டை வெட்டித் தனி வீடு கட்டித் தருவதாக அரசாங்கத்தில் சொல்லியிருந்தார்கள். என் மகளுக்கும் ஒன்று. அதுவரை ஒரே அறையில்தான் எல்லோரும். மழை வந்தால் தகரம் ஒழுகும், பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு சிங்களப் பிள்ளை வந்தது. தவளைகளைப் பற்றிப் படிக்கிறதாம். கையில் ஒரு படம். கட்டைவிரல் அளவுத் தவளை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மலையில் பிடித்துப் போத்தலில் போட்டு வைத்தார்களாம். அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. காட்டை அழித்துத் தேயிலை போட்டதில் போயிருக்கும் என்கிறார்கள். அப்படிப் போன தவளைகள் இந்த நாட்டில் இன்னும் பல உண்டாம். இதில் ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தாலும் ஓடைக்காட்டில் கைவைக்க விடமாட்டார்கள் என்றது அந்தப் பிள்ளை.

மகள் என் காதோடு, “அம்மா, இல்லைன்னு சொல்லிருங்க. தவளைக்கு வீட்டக் குடுத்துட்டு நாம நனையணுமா?” என்றாள்.

“அம்மா, இது கண்டிருக்கா?” என்று அந்தப் பிள்ளை தெரிந்த தமிழில் கேட்டது.

கொழுந்து பறித்த காலத்தில் தவளை கையில் படும். பனி மூடிய காலையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரல்தான் செடிக்குள் போகும். சில்லென்று ஒட்டும். உதறிவிட்டு அடுத்த செடிக்குப் போவோம். சில நாள் கூடைக்குள் விழுந்து நிறுக்கிற இடம் வரைக்கும் வந்துவிடும்.

“என்னம்மா, தவளையையும் சேத்து நிறுக்கவா?” என்பார் கணக்கப்பிள்ளை.

“நிறுங்கய்யா, அதுவும் விடிஞ்சதுலேருந்து மலையிலதான் நிக்குது” என்பாள் யாராவது ஒருத்தி.

ஆனால் ஒரு தவளையின் முகத்தையும் நான் பார்த்து வைக்கவில்லை. முதுகில் புள்ளி இருந்ததா, என்ன நிறம், ஒன்றும் தெரியாது.

“கையில பட்டிருக்கு பிள்ளை. இதுதானான்னு சொல்லத் தெரியல” என்றேன். மகள் உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பிள்ளையும் கூட வந்தவர்களும் மழையோடு மழையாகச் சில நாள் தேடினார்கள். வேறு தவளைகள் கிடைத்தன. அது கிடைக்கவில்லை.

“இனி இது உலகத்திலயே இல்ல அம்மா” என்றது அந்தப் பிள்ளை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

காட்டை வெட்டினார்கள். வீடு வந்தது. மகள் பால் பொங்க வைத்தாள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, கவலையும் வரவில்லை. இப்போது படுத்தால் நனைவதில்லை, அவ்வளவுதான்.

தவளைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்னதைக் கொஞ்சம் சரிபாருங்கள். படத்திலிருந்தது தேயிலைச் செடியில் ஏறி என் விரலில் பட்டிருக்கக்கூடிய வகையா, காட்டுத் தரையை விட்டு வராத வகையா? அன்றைக்கு அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.