ஓரிடத்தில் கல்வீச்சு

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. தலையில் ஈரச் சும்மாடு, வாய் நிறைய வெற்றிலை. வேலைநிறுத்தம் கலவரமாக மாறிய அந்த வாரம் முழுக்க, கூடையை என் வாசலில் இறக்கி, என்னைப் பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் மீனைக் கண்ணில் காட்டுவார்.

ஒருநாள் மந்திரியின் அறிக்கையைப் படித்தேன், அதற்கு வந்த கண்டனத்தையும் படித்தேன். கடைசியில், “வடசென்னையில் ஓரிடத்தில் கல்வீச்சு” என்று முடித்தேன்.

“ஓரிடம்னா எந்தத் தெரு நைனா?”

“போடலையேம்மா.”

“மந்திரி பேசுனதெல்லாம் போட்டுகீறான், கல்லு எங்க வுயுந்துச்சுன்னு போடலியே! நான் கூடையை மந்திரி வூட்டுக்கா எடுத்துகினு போறேன்?”

அந்தச் செய்தியை மவுண்ட் ரோடு ஆபீசில் உட்கார்ந்தபடியே எழுதியவன் நான்தான். அதைச் சொல்லாமல் பேப்பரை மடித்துவைத்தேன்.

மறுநாள் ஆபீசுக்குக் கிளம்ப எனக்கே பயமாக இருந்தது. பேப்பரைப் புரட்டிப் பயனில்லை என்று எனக்குத் தெரியாதா? அதற்குள் நாலு தெரு சுற்றிவிட்டு வந்திருந்த அவரிடம், “இன்னைக்கு எங்கம்மா கலாட்டா?” என்று கேட்டேன்.

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, “ஓரிடத்துல, நைனா” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதை எழுதியது நான்தான் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.