பத்மா அக்காவும் நூற்றுப்பத்து வோல்ட் சட்டியும்

செய்தி வந்தபோது நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். ஆகவே கண்ணில் வந்த முதல் நீரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை. புனேயின் பாணேர் பகுதியிலிருந்து பத்மா அக்காவின் அண்ணன் மகன் கார்த்திக் போனில் பேசினார். "அங்கிள், அத்தை விடிகாலையில தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி சாரதா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "முதல்ல கத்தியக் கீழ வைங்க" என்றாள்.

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டார்கள். நான் பத்தாவதோடு நின்றவன், படித்தவர்கள் யாரும் கிடைக்கவில்லையா என்றேன். அவர்களெல்லாம் வேலையாக இருக்கிறார்களாம். எனவே அக்காவை அறிந்தவர்கள் பிழை பொறுத்தருளவும். அறியாதவர்கள், இவ்வளவு நாள் அறியாமல் இருந்துவிட்டோமே என்று கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொள்ளவும்.

கோயம்புத்தூர்க்காரரான பத்மாவதி அம்மையார் வங்கி வேலையில் மாற்றலாகிப் புனேக்கு வந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வயதைத் தாண்டியதுமே முடக்குவாதம் அவரைப் பிடித்துக்கொண்டது. விரல் கணுக்கள் வீங்கியிருக்கும். காலையில் எழுந்தால் கை மடங்குவதற்கே வெகுநேரம் ஆகும். அப்படியும் மடிப்புக் கலையாத புடவையோடு பஸ்ஸில் வங்கிக்குப் போய் வந்தார். தொண்ணூறுகளின் நடுவில் போபோடியில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்துக்குக் குடிவந்தார். நாங்கள் முதல் மாடி.

வந்த புதிதிலேயே என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் கட்கியில் ஒரு தொழிற்சாலையில் டர்னர். இரும்பு கடைவது தவிர வேறொன்றும் அறியேன். ஆனால் எங்கள் சந்தில், தொழிற்சாலைக்குப் போகிறவனுக்கு ஃபேன், மிக்ஸி, சுவர்க் கடிகாரம் எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதைக் கெடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

அக்காவின் மேசைமேல் கனத்த பீங்கான் சட்டி ஒன்று இருந்தது. அதைச் சுற்றி ஒரு தகர உறை, முன்னால் ஒரு திருகு, மேலே கண்ணாடி மூடி. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கொண்டுவந்ததாம். காலையில் போட்டுவிட்டுப் போனால் பகல் முழுவதும் மெல்லிய சூட்டில் தானே வெந்து, மாலையில் சோறு தயாராக இருக்குமாம். நான் சட்டியை நாலு பக்கமும் பார்த்தேன். விரலால் தட்டியும் பார்த்தேன்.

"பிளக்க மட்டும் மாத்திட்டா ஓடிடும்க்கா" என்றேன்.

"ஓடும் தம்பி. ஒரு நிமிசம் ஓடும். அப்புறம் நாமதான் ஓடோணும்" என்றார் அக்கா. "அடியில படிச்சுப் பாருங். நூத்திப்பத்து வோல்ட்டுன்னு போட்டிருக்குது. நம்ம ஊர் கரண்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வேணும். உங்களக் கூப்பிட்டது அதை வாங்கித் தூக்கிட்டு வரத்தான்."

புத்வார் பேட்டின் மின்சாமான் கடைத்தெருவுக்குப் போய், அம்மிக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரைத் தூக்கி வந்தேன். எங்கள் உறவு அப்படித் தொடங்கியது. யோசனை அவருடையது, தூக்குவது நான்.

சில வருடங்களில் சாரதாவுக்கும் அதே வியாதி வந்தது. டாக்டர் சொல்வதற்கு முன்பே அக்கா சொல்லிவிட்டார். சாரதா பால் பாக்கெட்டைப் பல்லால் பிரிப்பதைப் பார்த்தாராம். வீட்டுச் சமையல் மெல்ல மெல்ல எங்கள் மகள் வித்யாவின் கைக்குப் போனது. நானும் உதவினேன். நான் உதவிய நாட்களில் பக்கத்துக் கடையிலிருந்து பிரெட் வாங்கிச் சாப்பிட்டோம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வித்யாவுக்கு நாசிக்கில் பொறியியல் கல்லூரி கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் அந்தப் படிப்பின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரிந்ததே அவளுக்கு மட்டும்தான். ஆனால் அவள் போகமாட்டேன் என்றுவிட்டாள். "நான் இங்கயே பி.எஸ்ஸி. சேந்துக்கறேன். அம்மாவால முடியாது. நீங்க சமைச்சா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிதான்" என்றாள். சாரதா அழுதாள். தன் கையினால் மகளின் படிப்பு போகிறதே என்பதுதான் அவள் வலி. மற்ற வலியை அவள் பெரிதாகச் சொன்னதில்லை.

விஷயத்தைக் கேட்ட அக்கா, சட்டியையும் டிரான்ஸ்பார்மரையும் என்னிடமே கொடுத்து மாடிக்கு ஏற்றினார். வித்யாவைக் கூப்பிட்டு, "கண்ணு, காலேஜுல சேர்றதுக்கு இன்னும் நாள் இருக்குதல்ல? அதுவரைக்கும் நீ அடுப்புப் பக்கமே போகாத. வீடு ஓடுதா இல்லையான்னு பாரு. ஓடலைன்னா இங்கயே இரு" என்றார். என்னிடம், "எனக்கும் இனிச் சாப்பாடு உங்க வீட்டுலதான் தம்பி. என் வயித்தையும் யோசிச்சுட்டுச் சமையுங்" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை எளிது. "சாயங்காலம் கை நம்ம பேச்சக் கேக்கும். அப்பவே காயை அரிஞ்சு ஃபிரிட்ஜுல வெச்சுரோணும். காலையில கை எந்திரிக்காது. அப்ப திருகறது மட்டுந்தான் வேலை." சின்ன வெங்காயம் உரிக்க விரல் வேண்டும், அதனால் பெரிய வெங்காயத்தை நாலாக அரிந்தால் போதும். சட்டியைத் தூக்கக் கூடாது, தண்ணீரைச் சின்ன டம்ளரால் ஊற்ற வேண்டும், வெந்ததைக் கரண்டியால் மொள்ள வேண்டும். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது.

முதல் நாள் சாம்பார். பருப்பு, காய், புளி, பொடி எல்லாவற்றையும் போட்டுத் திருகிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் தட்டில் ஊற்றியபோது பருப்பு உருண்டோடியது. வித்யா அதை விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "இது சாம்பாரா, உங்க ஃபேக்டரி ஸ்கிராப்பாப்பா?" என்றாள்.

கீழே போய் அக்காவிடம் ஒப்பித்தேன்.

"புளிய எப்பப் போட்டீங்?"

"முதல்லயேதான்க்கா. எல்லாத்தையும் ஒண்ணாப் போடுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எல்லாத்தையும்னா எல்லாத்தையுமா? புளியோட போட்ட பருப்பு அடுத்த தீவாளிக்கும் வேகாது தம்பி. பருப்பு வெந்தப்புறந்தான் புளி. சரி, போய் எனக்கு ரெண்டு பிரெட்டு வாங்கியாங்க."

பிறகு கொஞ்சம் தேறினேன். பருப்பு வெந்தது, காய் உருத் தெரிந்தது. வித்யா மட்டும் நாசிக்குக்குப் பெட்டி கட்டவில்லை. கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு வியாழக்கிழமை வந்தது. வியாழன் என்றால் எங்கள் பக்கம் கரண்டை நிறுத்துவார்கள் என்பது புனேயில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் அரிசிம்பருப்பு சாதத்துக்கு எல்லாம் போட்டு, திருகி வைத்துவிட்டு, பெருமையோடு காலை ஷிப்டுக்குப் போய்விட்டேன். வித்யா கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விட்டாள். சட்டி சூடேறத் தொடங்கியதும் கரண்டு போனது.

கீழே அக்கா விடுப்பில் இருந்தார். முழங்கால் வீங்கி, மாடிப்படி ஏற முடியாத நாள். மேலே சாரதா, படி இறங்க முடியாத நாள். இரண்டு பேரும் பால்கனியில் நின்று கத்திப் பேசியதைக் கட்டடமே கேட்டது. எதிர்வீட்டு மராத்திக்காரம்மா "காய் ஜாலா?", என்ன ஆச்சு என்று பதறி வெளியே வந்தாராம்.

"சாரதா, உன் வீட்டுக்காரர் வியாழக்கிழமைங்கறத மறந்துட்டாராட்ட இருக்குதே."

"அவருக்கு எதுதான்க்கா ஞாபகம் இருக்குது? சட்டியத் தூக்கி கேஸ்ல வைக்க என்னால முடியாது."

"தூக்கவே கூடாது. பீங்கான் கேஸ்ல வெடிச்சுரும். அலுமினிய ஏனத்த அடுப்பு மேல வெச்சுக்க. சட்டியில இருக்கறத கரண்டியால அதுல மொண்டு ஊத்து. அவசரமில்ல."

"கரண்டி புடிக்க விரல் மடங்கலக்கா."

"விரல விடு. கரண்டிப் பிடியில துணியச் சுத்து. தடியா இருந்தா உள்ளங்கையே புடிச்சுக்கும்."

அக்கா சொன்னபடியே நன்றாக ஒரு கொதி விட்டு மூடி, பாத்திரத்தைத் தூக்காமல் பக்கத்தில் வைத்த மணைக்கு நகர்த்தி, குளிர்காலத்தில் போர்த்தும் எங்கள் பஞ்சு ரஜாயைச் சுற்றிவிட்டாள் சாரதா.

"வெந்துருச்சான்னு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாது. சாயங்காலம் வரைக்கும் தொறக்காத. நானும் கீழ சாமி கும்பிட்டுட்டுத்தான் இருக்கேன்."

மாலையில் நானும் வித்யாவும் வாசலில் ஒன்றாக நுழைந்தோம். கரண்டு போன செய்தி தொழிற்சாலையிலேயே எட்டிவிட்டதால் என் கையில் வடாபாவ் பொட்டலம் இருந்தது. அடுக்களை மேடையில் ரஜாய் போர்த்தி யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது. சாரதா அதைப் பிரிக்கச் சொன்னாள். ஆவி வந்தது. சீரகமும் பூண்டும் மணந்தன.

வித்யா நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டாள். "சச் போலோ, இத யாரு பண்ணா?" என்று என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல் என்கிறாள். நான் வடாபாவைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"நாந்தான்டி" என்றாள் சாரதா. "பத்மா அக்கா கீழ இருந்து கத்துனாங்க, நான் பண்ணேன்."

வித்யா அம்மாவின் கையைப் பார்த்தாள். துணி சுற்றிய கரண்டியைப் பார்த்தாள். உட்கார்ந்து இன்னொரு முறை போட்டுக்கொண்டாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "நான் நாசிக் போயிட்டா என் கட்டில்ல யாரு படுப்பா?" என்றாள்.

"நான்தான். உங்கம்மா குறட்டை தாங்கல" என்றேன்.

"யாரு குறட்டை?" என்றாள் சாரதா. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கிண்ணத்தில் சோறு போட்டு அக்காவுக்குக் கொண்டுபோனேன். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி. ஆனா அதைச் சாரதாகிட்டச் சொன்னீங்கன்னா டிரான்ஸ்பார்மரத் தலையில போடுவேன்" என்றார்.

அடுத்த முறை அவர் அண்ணன் வந்தபோது இரண்டாவது சட்டி வந்தது. செய்தி பரவியது. முதுகுவலிக்காரர், கழுத்துப்பட்டைக்காரர், கணு வீங்கியவர் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் வீட்டில் கூட ஆரம்பித்தார்கள். சட்டி இல்லாதவர்களுக்கு ரஜாய் முறை. அங்கே ஒரே விதிதான். வலியைப் பற்றிப் பேச விரும்புகிறவர் கத்தரிக்காய் அரிந்துகொண்டே பேச வேண்டும். இதனால் பேச்சு குறைந்தது, குழம்பு மிகுந்தது. "வலி, வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரிங். தொரத்தவும் முடியாது, தலைக்கு மேல வெச்சு ஆடவும் முடியாது. ஒரு நாற்காலியப் போட்டு உக்கார வெச்சுட்டு நம்ம வேலையப் பாக்கோணும்" என்பார். கூட்டத்தில் நிஜச் சம்பந்திகளும் இருந்ததால் சிரிப்பு கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் கிளம்பும்.

ஓய்வு பெற்றபின் அவர் பாணேரில் கார்த்திக்கின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். லிப்ட் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். அங்கேயும் கத்தரிக்காய்க் கூட்டம் தொடர்ந்தது. ஹடப்சரில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர்ப் பிள்ளைகள்கூட மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

காரியம் முடியும்வரை இறந்தவர் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, சுற்றியிருப்பவர்கள்தான் கொண்டுபோக வேண்டும். சாரதா, "நான் செய்யறேன்" என்றாள். வெங்காயம் அரிவதோடு என் வேலை முடிந்தது. பெங்களூரில் இன்ஜினியராக வேலை பார்க்கும் வித்யாவும் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். நாங்கள் மூவரும் பாணேருக்குப் போனபோது, எங்களுக்கு முன்னால் பலர் வந்திருந்தார்கள். மேசைமேல் வரிசையாகப் பாத்திரங்கள். கார்த்திக் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். எல்லாம் அரிசிம்பருப்பு. அழுது வீங்கிய முகத்தோடு அவர் சிரித்துவிட்டார். "அத்தை உங்க யாருக்கும் வேற ஒண்ணுமே சொல்லித் தரலையா?" என்றார். அன்று எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம். துக்க வீட்டில் இப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனால் அக்கா இருந்தால் இரண்டாம் முறை போட்டுக்கொண்டவர்களின் பெயரைத்தான் கேட்டிருப்பார்.

புறப்படுகிற நேரத்தில் வாசலில் ஒரே நெரிசல். வந்தவர்களில் பாதிப் பேருக்குக் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். வித்யாவுக்குப் பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவள் அம்மாவின் செருப்பை மாட்டிவிடக் குனிந்தாள். சாரதா காலை இழுத்துக்கொண்டாள். "நீ போ பாப்பா, பஸ் போயிடும். நானும் அப்பாவும் மெதுவா வருவோம்" என்றாள். வித்யா திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். ஓடுகிற பெண்ணைச் சாரதா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரைப் பிடித்தபடி, ஒரு காலில் மட்டும் செருப்போடு.

பத்மா அக்கா, நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள். நாங்கள் வர நேரமாகும். எங்களுக்கு வாசல் தாண்டவே அரைமணி ஆகிறது.