மாத்திரையை எண்ணிப் பார்த்தவள்

மதிவதனிக்கு ஒரு கெட்ட பழக்கம். தனக்கு நம்பிக்கையில்லாத தாளில் கையெழுத்துப் போடமாட்டாள். அதனாலேயே முப்பத்தாறு வயதுக்குள் மூன்று வேலை போயிருக்கிறது. நாலாவது வேலை வேங்கிக்காலில், சுகாதாரத் திட்டங்கள் ஜனங்களுக்கு உதவுகின்றனவா என்று விசாரித்துச் சொல்லும் ஒரு சின்ன நிறுவனத்தில்.

நர்ஸ் வீடு தேடிப் போய் பிரஷர் மாத்திரை கொடுக்கும் திட்டம் அந்த மாதம் அவர்களிடம் வந்தது. எப்படி விசாரிப்பது என்று மேலாளர் அறிவுச்செல்வன் ஏசி அறையிலேயே முடிவு செய்துவிட்டார். போன்தான். அடி அண்ணாமலையில் நாற்பது பேருக்கு இரண்டே நாளில் பேசி முடித்தார்கள். முப்பத்தேழு பேர் தினமும் மாத்திரை போடுகிறார்களாம். அப்படியானால் ஜனங்களுக்குப் பழகிவிட்டது, நர்ஸ் இனி வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று அறிக்கை தயாராகிவிட்டது. மதிவதனியின் கையெழுத்து மட்டும் பாக்கி.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பஸ் ஏறி அடி அண்ணாமலைக்கே போனாள். மாத்திரை போடுகிறீர்களா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், நர்ஸ் மனம் நோகக் கூடாதே! "மாத்திரைய எடுத்தாந்து காட்டுங்க" என்றாள். வீட்டுக்கு வீடு எண்ணினாள். போன் நம்பர் யாருடையது என்றும் குறித்துக்கொண்டாள்.

கிரிவலப் பாதையில் இளநீர் விற்கும் தங்கம்மாள் ஒரு பை நிறைய பிரிக்காத மாத்திரையைக் கொட்டினாள்.

"அத்த போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதும்மா. கடைய வுட்டுட்டு நான் எங்க போறது? பௌர்ணமின்னா கூட்டம் வேற ஜாஸ்தி."

"போன்ல கேட்டாங்களே?"

"எங்கிட்ட ஏது போனு? சென்னைல இருக்கற பையன் நம்பரத்தான் குடுத்தேன்."

நாற்பது வீட்டில் பதினொன்றில்தான் மாத்திரை ஒழுங்காகத் தீர்ந்திருந்தது.

மறுநாள் அறிவுச்செல்வன் காது கொடுக்கவே இல்லை. "மாத்திரை எண்றதெல்லாம் நம்ம வேலை இல்லம்மா. கையெழுத்து போடு. இல்லன்னா வேற ஆளு போடுவாங்க."

"குடுங்க சார், போடறேன்."

பதில் சொன்னவர் என்ற கட்டத்தில் நாற்பது வரிசையிலும் 'நோயாளி' என்று அச்சாகியிருந்தது. நோயாளியே பேசிய ஒன்பதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்து, போனில் பேசியது யார் என்று எழுதினாள். மகன். மகன். மருமகள். சென்னையில் இருக்கும் மகன்.

"என்னம்மா பண்ற?" என்று அறிவுச்செல்வன் கத்தினார். அவள் நிமிரவில்லை. தான் எண்ணிய கணக்கையும் பக்கத்திலேயே எழுதி, பெயரை முழுசாகப் போட்டு, தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"இதான் சார் போவணும். வேற தாள் அடிச்சீங்கன்னா, நாப்பது பேரையும் மாத்திரையோட கூட்டியாந்து இந்த ரூம்ல உக்கார வெப்பேன். நீங்களே எண்ணிக்கங்க."